பொன்னாடை போர்த்திய பெட்டி

“தாத்தா, இந்தப் பெட்டிக்குக் காய்ச்சலா?”

தெராத்தாய் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை லெட்சுமி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. சொட்டு மருந்துக்காக வேனுக்குள் ஏறியவள், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு புறங்கையைத் திருப்பி வைத்தாள். அவளுடைய அம்மா அவளுக்கு அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. அதன் பிறகுதான் கேட்டாள்.

டிரைவர் செல்லையா திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டி வேனில் ஏறி ஏழு மாதம் ஆகியிருந்தது. வாரியத்தின் பெரிய மனிதர்கள் பதினோரு பேர் அதைப் பார்த்திருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் அதன் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

தோட்ட மக்கள் சூரிய சேவை வாரியத்துக்கு ரவாங் டவுனில், ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம் இருந்தது. அங்கே இரண்டு ஏர்கான் உண்டு. படிக்கட்டின் உச்சியில் பெரிய சூரியன் ஒன்றை வரைந்து, ‘உழைக்கும் ஒளி’ என்று எழுதியிருந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டு வெளிநாட்டு நல்லவர்கள் சிலர் வாரியத்துக்கு ஒரு மருத்துவ வேனை நன்கொடையாகக் கொடுத்தார்கள். கூரையில் சூரியப் பலகைகள், உள்ளே தடுப்பூசி மருந்து வைக்கச் சின்ன ஐஸ்பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி. பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு கருவி. அதன் பெயர் சார்ஜ் கண்ட்ரோலர். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். வெயில் தரும் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்குள் விடுவதும், பேட்டரி நிரம்பியதும் நிறுத்துவதும் அதன் வேலை. தனக்கே சூடு தாங்காமல் போனாலும் அது வேலையை நிறுத்திவிடும். பேசத் தெரியாததால் அந்த ஒரு வழியில்தான் அது தன் குறையைச் சொல்லும்.

வாரியம் அந்தக் கருவியை மிகவும் மதித்தது. மதித்ததுதான் வினையாகப் போயிற்று.

கீறல் விழக்கூடாது என்று முதலில் அதை, விளக்கு மட்டும் தெரியும்படி கம்பளித் துணியில் பொதிந்தார்கள். தூசு படக்கூடாது என்று காற்றுப் புகாத தேக்குப் பெட்டி ஒன்று செய்து, அதற்குக் கறுப்பு பாலிஷ் அடித்தார்கள். யாரும் கை வைக்கக்கூடாது என்று முன்பக்கம் பித்தளைப் பூட்டு போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். கதவைத் திறந்தால் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் மூடியின் மேலேயே அதை உட்கார வைத்தார்கள்.

திறப்பு விழாவில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பெரிய மனிதர் வரவில்லை. பொன்னாடை ஒன்று மிஞ்சிவிட்டது. தலைவர் சிவானந்தம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். டிரைவர் செல்லையாதான் எதிரே நின்றார். தலைவர் அவரைக் கடந்து போய்ப் பெட்டிக்குப் போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் சொத்துப் பதிவேட்டில், ‘கட்டுப்பாட்டுக் கருவி, பொன்னாடையுடன், ஒன்று’ என்று எழுதப்பட்டது. அன்றிலிருந்து பொன்னாடையை எடுப்பது வாரியச் சொத்தைச் சேதப்படுத்துவதற்குச் சமம்.

இப்படியாக, நம் ஊர் வெயிலில், எஞ்சினுக்கு மேலே, கம்பளிக்குள், தேக்குக்குள், சரிகைக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் கருவி மின்சாரத்தை அளந்துகொண்டிருந்தது. காலையில் நன்றாக வேலை செய்யும். பதினொன்றரை மணிக்கு அதன் சூடு எல்லை தாண்டும். பெட்டியின் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரியும் பச்சை விளக்கு அணைந்துபோகும். வெயில் தாழ்ந்து இரண்டரைக்குத்தான் திரும்ப எரியும். சூரியன் அள்ளிக் கொடுக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

செல்லையா இருபது வருஷம் தோட்டத்து ரப்பர் பால் கொட்டகையில் எஞ்சின் ஓட்டியவர். பச்சை விளக்கு அணைவதை முதல் வாரமே கவனித்துவிட்டார். ஆனால் அப்போது எதையும் யாரிடமும் போய்ச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. திறப்பு விழா நாளில் அவர் மனைவி அன்னம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். அன்று லீவு கிடையாது என்று உத்தரவு. மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தார். அவர் திரும்பும்வரை அந்த வீட்டில் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆளில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அதன் பிறகு புக்கிட் பெலிம்பிங்கில் அந்த ஒற்றை அறை வீட்டில் அவர் தனக்கு மட்டும் அரிசி களைந்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சியது.

லெட்சுமி கேட்டது அவரை விடவில்லை. மறுநாளே ரவாங்குக்குப் போனார்.

செயலாளர் சுப்பிரமணியம் நிமிர்ந்து பார்த்தார். “என்ன செல்லையா, டயரா?”

“இல்லைங்க ஐயா. பெட்டி சூடாயிடுது. பதினொன்றரைக்கு நின்னு போயிடுது.”

“மறுபடி எத்தனை மணிக்கு வேலை செய்யுது?”

“ரெண்டரைக்குங்க.”

சுப்பிரமணியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நம்ம ஆபீசும் அதே டைம்தானே லா சாப்பாட்டுக்கு மூடுறோம்? இதுல என்ன கம்ப்ளெயின்?”

செல்லையா நகராமல் நின்றதால், தொழில்நுட்பக் குழுத் தலைவர் பாலனிடம் அனுப்பப்பட்டார். வாரியத்தில் அறிவியல் படித்தவர் பாலன் ஒருவர்தான். அவர் காகிதம் எடுத்தார்.

“ஒரு பலகை உச்சி வெயில்ல ரெண்டே முக்கால் ஆம்பியர் தரும், கொஞ்சம் குறைச்சலா. ரெண்டு பலகைக்கு அஞ்சரைக்குள்ள. கண்ட்ரோலர் பத்து ஆம்பியர். ஏறக்குறைய டபுள்! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

“கூரையில நாலு பலகை இருக்குதுங்களே ஐயா.”

“நாலா?”

“ரெண்டு பலகை மட்டும்னா படத்துல வேன் மொட்டையா தெரியுதுன்னு சொல்லி, விழாவுக்கு முந்தின நாள் இன்னும் ரெண்டு ஏத்தினீங்க.”

பாலன் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது. செல்லையா மெதுவாகச் சொன்னார்: “நாலு பலகைன்னா பத்தே முக்கால் வந்துடுதுங்க. மேகம் விலகுற நேரம் வெயில் இன்னும் கூட அடிக்கும். அதுக்குக் கால் பங்கு சேர்த்து வைக்கணும்னு பலகையோட வந்த புஸ்தகத்துல படம் போட்டு இருக்குது. அப்படிப் பார்த்தா பதிமூணரை. பதினஞ்சு ஆம்பியர் கண்ட்ரோலர் வேணுங்க. இல்லாட்டி ஒரு பலகையைக் கழட்டிட்டு, பெட்டியைத் திறந்து காத்து படுற எடத்துல வச்சாலும் தாங்கும்.”

“செல்லையா, நீ டிரைவரா, கமிட்டியா?”

“டிரைவர்தாங்க.”

“அப்புறம் ஏன் கணக்குப் போடுறே?”

என்றாலும் நீதி தவறக்கூடாது என்று, பெட்டியின் காய்ச்சலை அதிகாரபூர்வமாகப் பார்க்க வாரியம் முடிவு செய்தது. பெட்டியைக் கழற்றிப் பொன்னாடையோடு மாடிக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். செல்லையாதான் தூக்கினார். ஏர்கான் அறையில் மேசை மேல் இரண்டு மணி நேரம் வைத்து, அப்புறம் தெர்மாமீட்டரை வைத்தார்கள். இருபத்துநாலு டிகிரி. ‘காய்ச்சல் இல்லை’ என்று ஏகமனதாக எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் சிவானந்தம் எழுந்தார். அவர் எழுந்தால் பேசாமல் உட்கார்ந்ததில்லை.

“அன்பர்களே! சூடாவது உழைப்பவனின் அடையாளம். இந்த நாற்காலியில் நான் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளாவது நான் சூடானதுண்டா? ஒரு சொட்டு வியர்த்ததுண்டா? கிடையாது! ஏன்? பொறுமை! கருவிகள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் வாரியத்தில் எதுவும் அவசரப்பட்டு வேலை செய்து கெட்டுப்போனதாக வரலாறு கிடையாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். செல்லையாவும் தட்டினார். தட்டாமல் நிற்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே ‘குளிர்ச்சிக் குழு’ என்று ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த மாதம் அது ஒரு மின்விசிறி வாங்கி, குழு கூடும் அறையில் மாட்டியது. அதற்கடுத்த மாதம், வீண் குற்றச்சாட்டால் பெட்டியின் மனம் புண்பட்டிருக்கும் என்று யாரோ எடுத்துச் சொல்ல, இரண்டாவது பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். பச்சை விளக்கு இப்போது பதினொன்றுக்கே அணைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்தில் தட்டம்மை கண்டது. அங்கே இரண்டு பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கொண்டு போனார்கள். ஒன்றுதான் திரும்பி வந்தது. தெராத்தாய் தோட்டத்தில் ஊசி போடாத பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். வியாழக்கிழமைக்கு ஏற்பாடாகியிருந்தது. மருந்து வேனில் இருந்தது. அன்று காலை புறப்படும்போது மிஸ்ஸி கங்கா ஐஸ்பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வேனோடு வரும் நர்ஸ் அவள். கூட்டம் போடாமல் வேலை செய்பவள்.

“அண்ணே, ஏழு காட்டுது. எட்டுக்கு மேல போனா இந்த மருந்து வெறும் தண்ணி. குத்தினதுக்கு வலிதான் மிச்சம்.”

“பேட்டரி இறங்கிப்போச்சும்மா. வேன் ஓடினாலும் அதுக்கு ஒண்ணும் சேராது, தனி பேட்டரி.”

“அப்போ?”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங் தெரிந்தது. செல்லையா பாலத்தின் பக்கம் வேனைத் திருப்பினார்.

மீன் கொட்டகையில் அதன் சீன முதலாளி தவுக்கே டான் ஒரு படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் பார்த்த பழக்கம்தான், பேசிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் அரைகுறைத் தமிழ் தெரியும். செல்லையா விஷயத்தைச் சொன்னார். டான் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது பிள்ளைங்க மருந்தா?”

“ஆமா தவுக்கே. பெட்டி சூடாயிடுச்சு.”

“ஏன் லா அந்தப் பெட்டிக்கு ரெண்டு சேலை?”

“அது... மரியாதை தவுக்கே.”

டான் சிரிக்கவில்லை. படகுக்குள் இறங்கிய ஐஸ் பாளங்களில் இரண்டைத் திரும்ப மேலே தூக்கச் சொன்னார்.

“படகுக்கு வேணுமே?” என்றார் செல்லையா.

“எடுத்துக்கோ லா. மீனு செத்துப்போச்சு, அதுக்கு அவசரம் இல்லே. பிள்ளைக்குத்தான் அவசரம்.” காசுக்காகச் சட்டைப்பையில் கை விட்ட செல்லையாவை டான் கையசைத்தே விரட்டினார்.

ஐஸை உடைத்து, மருந்துக் குப்பிகளைக் காகிதத்தில் சுற்றி, மிஸ்ஸி கங்கா அடுக்கினாள். முள் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. நாற்பத்து மூன்று பேரும் அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு செல்லையா ரப்பர் மரத்தடியில் நின்றார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு லேசானது.

ஆனால் ஐஸ் ஒரு நாளைக்குத்தான். மறுநாள் இன்னும் இரண்டு தோட்டங்கள் காத்திருந்தன. தினமும் படகிலிருந்து ஐஸ் எடுக்க முடியாது. ஓய்வு பெற அவருக்கு ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தது. முத்திரையை உடைத்தவன் அன்றே வேலையை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. வேலை போனால் வாரியம் கொடுத்த வீடும் போகும். அன்னம்மா கடைசியாகப் படுத்திருந்த வீடு அது. அவர் வேனுக்குள் ஏறினார். பிறகு ‘முருகா’ என்று சொல்லிக்கொண்டு இரண்டு பொன்னாடைகளையும் எடுத்து ஒழுங்காக மடித்து வைத்தார்.

முத்திரை முன்பக்கம்தான் இருந்தது. பின்பக்கப் பலகையை ஆறு திருகாணிகள் பிடித்திருந்தன. பின்பக்கம் யாரும் படம் எடுப்பதில்லை.

லெட்சுமியின் அம்மா சின்னத்தாய் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவள், அங்கேயே நின்று பார்த்தாள். “என்ன வேணும் அண்ணே?”

“பால் உறைய வைக்கிற அலுமினியத் தட்டு, பழசு ஏதாவது கெடக்குமா தங்கச்சி?”

தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் எறிந்திருந்த தட்டு ஒன்றை அவள் தேய்த்துக் கழுவி எடுத்து வந்தாள். செல்லையா கருவியைக் கம்பளியிலிருந்து பிரித்து, அதன் முதுகு தட்டில் நன்றாக ஒட்டும்படி திருகாணி போட்டு இறுக்கினார். எஞ்சினை விட்டுத் தள்ளி, பேட்டரியையும் விட்டுத் தள்ளி, வெயில் விழாத ஜன்னல் ஓரமாகத் தட்டை நிமிர்த்தி நிறுத்தினார். சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடாக வெளியேற அது போதும். பிறகு கூரையில் ஏறி, நாலாவது பலகையின் கம்பியைக் கழற்றி டேப் சுற்றினார். நாலு பலகை அரை நாள் உழைப்பதைவிட மூன்று பலகை முழு நாள் உழைக்கும்.

மறுநாள் பச்சை விளக்கு பதினொன்றரை தாண்டியும் எரிந்தது. பன்னிரண்டுக்கு எரிந்தது. ஒன்றரைக்கும் எரிந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எரிந்தது. செல்லையா வேனில் தனியாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல அவருக்கு இருந்தது.

வெறும் தேக்குப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்து, பொன்னாடைகளையும் திரும்பப் போர்த்தினார். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அன்றைய அறிக்கையில், ‘கருவி பெட்டிக்கு வெளியே, ஜன்னல் ஓரம் உள்ளது. ஒரு பலகை துண்டிக்கப்பட்டுள்ளது. செய்தது நான்’ என்று மூன்று பிரதி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சுப்பிரமணியம் மூன்றிலும் ‘பார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, மூன்று கோப்புகளில் வைத்தார். இரண்டு மாதம் செல்லையா அழைப்புக்குக் காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆண்டுச் சோதனைக்கு வாரியம் முழுவதும் வேன் நிற்கும் கோல சிலாங்கூருக்கு வந்தது. உச்சி வெயில்; ஆனால் வேன் எஞ்சின் காலையிலிருந்து ஓடியிருக்கவில்லை. தலைவர் வேனுக்குள் தலையை நீட்டி, முதல் முறையாகப் பொன்னாடைக்குள் கை விட்டுப் பெட்டியைத் தொட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“பாலன், இங்கே வாங்க! தொட்டுப் பாருங்க! எவ்வளவு குளிர்ச்சி!”

பாலன் தொட்டார். குளிர்ச்சிக் குழுவினர் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“ஐயா,” என்றார் செல்லையா, “கருவி அதுக்குள்ள இல்லைங்க. இந்தா ஜன்னல்கிட்ட, தட்டுல இருக்குது. ரிப்போர்ட்டுல எழுதியிருந்தேன்.”

தலைவர் அந்தப் பழைய தட்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் ரப்பர் பால் கறை இருந்தது. பொன்னாடை இல்லை. முத்திரை இல்லை. அவர் பார்வை அதில் நிற்காமல் திரும்பப் பெட்டிக்கே வந்தது.

“டிரைவர் சாமான் எல்லாம் ஏன் இங்கே கெடக்குது?” என்று சுப்பிரமணியத்திடம் கேட்டுவிட்டு, தலைவர் எழுந்து நின்ற குரலில் தொடங்கினார். “அன்பர்களே! ஒரு கருவியைக் குளிர வைப்பது எப்படி என்று உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. நாம் அதை எதுவும் செய்யாமலே சாதித்திருக்கிறோம்!”

மூன்றாவது பொன்னாடை விழுந்தது. படம் எடுத்தார்கள். ஜன்னல் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லையா படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றார்.

எல்லாரும் போன பிறகு, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி கங்கா ஒன்று சொன்னாள். “அண்ணே, அந்த ஐஸ் கொடுத்த தவுக்கே இருக்காரே, அன்னிக்கு அவர் படகு ரெண்டு நாள் கடல்ல நிக்கப் போனது. ஐஸ் பத்தாம மறுநாளே திரும்பிடுச்சாம். கொட்டகையில பேசிக்கிட்டாங்க. அவர் ஒரு வார்த்தை சொல்லல.”

செல்லையா வாளியைக் கீழே வைத்தார். அன்றிரவு வடித்த சோறு முழுவதும் மிஞ்சியது.

அடுத்த மாதம் பாசிர் பெனம்பாங்கில் சீனக் கோயில் திருவிழா வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை. காலையிலேயே ஐஸ் பேக்டரிக்குப் போய் இரண்டு பாளம் வாங்கினார். தெரிந்தவரிடம் இரவல் கேட்டிருந்த பழைய காரின் பின்பக்கத்தில் வைத்தார். வழியில் உருகாமல் இருக்க வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டு வந்திருந்தார். அன்னம்மாவுக்கு அன்றைக்கு இழுத்துப் போர்த்திய கம்பளி. அதற்குப் பிறகு அவர் அதைப் பிரித்ததே இல்லை. பிரித்து, ஐஸ் பாளங்களைச் சுற்றி நான்கு பக்கமும் செருகினார்.

மீன் கொட்டகையில் ஒருவரும் இல்லை. படகுகள் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தன. கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் மட்டும் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தவுக்கே டானின் ஐஸ் தொட்டியைச் செல்லையா திறந்தார். மரத்தூளை ஒதுக்கி, ஒவ்வொரு பாளமாக இறக்கி, மேலே மரத்தூளைத் தள்ளி மூடினார். எத்தனை பாளம் இருந்தது, எத்தனை ஆயிற்று என்று நாளைக்கு யாரும் எண்ணப் போவதில்லை. எண்ணினாலும் அது உருகிப் போகிற பொருள். மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஈரக் கம்பளியை மடித்துக் காரில் வைக்கப் போனவர், ஒரு நிமிஷம் நின்றார். புறங்கையைத் திருப்பி அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

நன்றாகக் குளிர்ந்திருந்தது.